கன்னியர் மடம் கற்பித்த பாடம்



ஆயுள் நீள்வது ஒன்று. அறிவு மங்காமல் நீள்வது மற்றொன்று. இவ்வேறுபாட்டை விளக்கும் ஆய்வு ஒன்றை இம்மாதம் காண்போம்.

1986-ஆம் ஆண்டு அமெரிக்காவில் டேவிட் ஸ்நோடன் என்னும் அறிஞர், நோத்ர்தாம் பள்ளிச் சகோதரிகள் சபையின் முதிய கன்னியரை ஆராயத் தொடங்கினார். 75 வயதும் அதற்கு மேலுமான 678 பேர் இசைந்தனர். இறந்தபின் தம் மூளையை ஆய்வுக்கு அளிக்கவும் ஒப்பினர். பெரும்பாலோர் ஆசிரியைகளாகப் பணியாற்றியவர்கள். உணவு, உறைவிடம், மருத்துவம் யாவும் ஏறத்தாழ ஒன்றே. எனவே ஒருவரோடு ஒருவரை ஒப்பிடுதல் எளிதாயிற்று.

இளமையில் அவர்கள் எழுதிய வாழ்க்கைக் குறிப்புகள் மடத்தில் பேணப்பட்டிருந்தன. அவற்றுள் 180 பேருடைய குறிப்புகளைப் பற்றிய ஆய்வு 2001-இல் வெளிவந்தது. மகிழ்வும் நன்றியும் மிகுதியாகத் தொனிக்க எழுதியோர், ஏனையோரைவிடப் பல ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருந்தனர்.

மற்றொரு வியப்பும் உண்டு. 101 வயதில் இறந்த ஒரு கன்னியரின் மூளையில் அல்சைமர் எனும் மறதி நோயின் அடையாளங்கள் மலிந்திருந்தன. ஆயினும் இறப்பதற்கு முன் நடந்த சோதனைகளில் அவரது நினைவாற்றல் சிறந்தே விளங்கியது!

மகிழ்ச்சியே ஆயுளை நீட்டும் மருந்தென்று இதனால் நிறுவப்பட்டுவிடவில்லை. ஆனால் மூளை நலிந்தால் அறிவும் அணைந்தே தீரும் என்பதற்கில்லை எனத் தெளிகிறோம்.

இல்லங்களைச் சந்திக்கச் செல்கையில் நாம் அடிக்கடி கேட்பது, "உங்களுக்கு ஒன்றும் தெரியாது, பாட்டி, சும்மா இருங்கள்" என்னும் சொல்லே. இது முறையோ? பேரப்பிள்ளைக்குப் பாடம் சொல்லவும், மாலைச் செபத்தை முன்னின்று நடத்தவும் அவர்களை வேண்டுவோம். முதியோருக்கு வேளை தவறாமல் உணவளிக்கும் நாம், வேலையும் அளிப்போமாக.