அளப்பது பலகையையா, சொல்லையா?

அமெரிக்க ஒன்றியத்தின் அரிசோனா மாநிலத்தில் கில்பர்ட்டு என்பது ஓர் ஊர். ஆங்குத் தனக்கெனக் கட்டடமற்ற சிறியதொரு கிறித்தவ வழிபாட்டுக் குழு, ஞாயிறுதோறும் தான் கூடுமிடத்தை வழிகாட்டிப் பலகைகளால் மக்கட்கு உணர்த்தி வந்தது.

ஊராட்சியின் விதியோ விந்தையினும் விந்தை! கொள்கை கூறும் பலகை 20 சதுர அடி இருக்கலாமாம். தேர்தற் பலகை 32 சதுர அடி வரை விரியலாமாம். வழிகாட்டும் பலகைக்கோ 6 சதுர அடியே! தனியார் நிலமேயாயினும் ஓரிடத்தில் நான்குக்கு மேல் கூடா. கூட்டத்திற்கு 12 மணிநேரத்திற்குள்ளாகவே நட்டு, முடிந்த ஒரு மணிநேரத்துள் அகற்றிவிடல் வேண்டும். வாக்குக் கேட்பவனுக்குத் திங்கட்கணக்கு. வழி காட்டுபவனுக்கு மணிக்கணக்கு! இதுவோ முறைமை?

ஊரழகு கெடுமென்றனர் ஆட்சியினர். 6 அடியால் கெடும் அழகு 32 அடியால் கெடாதோ?

2015-இல் அந்நாட்டு உச்ச முறைமன்ற நடுவர் ஒன்பதின்மரும் அவ்விதியை வீழ்த்தினர். பலகையின் அளவையும் ஒளியையும் வரையறுக்கலாம். மிக வலிய கரணியமின்றி அதன் செய்தி நோக்கி வேறுபடுத்தலாகாது என்பதே அறுவர் வழங்கிய பெரும்பான்மைத் தீர்ப்பின் பிழிவு.

அதன்பின் ஊர்கள் பலவும் தம் விதிகளைத் திருத்தலாயின. இங்கேதான் விழிப்பு வேண்டும். எல்லாப் பலகைகளையும் ஒருங்கே ஒடுக்கிவிட்டுச் "சமன் செய்தோம்" எனல், ஒருவன் கட்டை அவிழ்க்கச் சொன்னால் ஊரையே கட்டிவைப்பதாகும். வீட்டு முற்றத்துப் பலகைகளை ஏறத்தாழ முற்றாகத் தடுத்த இலாடூ நகரின் சட்டம் 1994-இல் அதே மன்றத்தில் வீழ்ந்ததை அவர் மறவற்க.

திருத்துவோர் பலகையை அளக்க. அதன் சொல்லை அளவற்க!