மூளை ஸ்கேனுக்கு யோசிக்காதீங்க, மாத்திரைப் பேரை மறக்காதீங்க

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நம்ம நாட்டுக்குப் புதுசு இல்லீங்க. மும்பை டாடா மெமோரியல்ல 1983-லயே பண்ணிட்டாங்க. வேலூர் சி.எம்.சி.யில 1986-ல ஆரம்பிச்சாங்க. வேலூர்ல பண்ணிக்கிட்டு புனேவுக்கோ டில்லிக்கோ திரும்பற நம்மாளுங்களுக்குத்தான் இது.

மாத்தி வெச்ச செல்கள் நோயாளியோட உடம்பையே தாக்காம இருக்க சைக்ளோஸ்போரின் இல்லைன்னா டாக்ரோலிமஸ் மாசக்கணக்குல சாப்பிடணும். சிலருக்கு இந்த மருந்தே மூளையைப் பதம் பார்த்துடும். தலைவலி, ரத்தக் கொதிப்பு, கண் மங்கல், குழப்பம், வலிப்பு. ரத்தத்துல மருந்து அளவு சரியா இருந்தாக்கூட வரலாம். வீட்டுல எல்லாரும் "பழைய நோய் மூளைக்கு ஏறிடுச்சு"ன்னு ஒடிஞ்சு போயிடறாங்க.

இந்த இடத்துலதான் எம்.ஆர்.ஐ. வேணும். சி.டி.யில ஒண்ணுமே தெரியாம போகலாம். எம்.ஆர்.ஐ.யில பெரும்பாலும் பின்மண்டைப் பக்கம், ரெண்டு புறமும் வெள்ளைத் திட்டு தெரியும். ரத்தக் குழாய்லேர்ந்து நீர் கசிஞ்ச வீக்கம் அது. 1996-ல இதைத் தனி நோய்க்குறியா விவரிச்சாங்க, இப்போ சுருக்கமா 'ப்ரெஸ்'னு சொல்றாங்க. வெறும் நீர்க்கசிவா, செல்லே பழுதாகிடுச்சான்னு டிஃப்யூஷன்னு ஒரு படம் எடுத்துப் பார்ப்பாங்க. நீர்க்கசிவு மட்டும்னா, கொதிப்பை அடக்கி, மருந்தைக் குறைச்சோ மாத்தியோ பார்த்தா பெரும்பாலானவங்க தேறிடறாங்க.

ஆனா இதே அறிகுறி கிருமித் தொற்றுலயும் வரும், ரத்தக் கசிவுலயும் வரும். ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற. "ஸ்கேன்னு சொல்லி காசு புடுங்கறாங்க"ன்னு நாம சந்தேகப்படறதுல நியாயம் இருக்கு. இந்த ஒரு விஷயத்துல மட்டும் வேணாம்னு சொல்றேன்.

ஆஸ்பத்திரிகளையும் சும்மா விட முடியாது. டிஸ்சார்ஜ் சம்மரி முழுக்க இங்கிலீஷ். வலிப்பு வந்தா என்ன பண்ணணும்னு அம்மாவுக்குப் புரியற பாஷையில ஒரு பக்கம் அடிச்சுக் கொடுக்க என்ன செலவாகிடும்? லட்சக்கணக்குல பில் போடறப்போ ஒரு தாளா பாரம்?

அது வர்ற வரைக்கும் நாமளே செஞ்சுக்கலாம். மாத்திரைப் பேர், அளவு, சிகிச்சை நடந்த தேதி, அங்கத்த டாக்டர் போன் நம்பர், எல்லாம் ஒரு சீட்டுல எழுதி பர்ஸ்ல வைங்க. பக்கத்து கிளினிக்ல சளிக்கு க்ளாரித்ரோமைசின் எழுதினாலும், பூஞ்சைக்கு வோரிகோனசோல் கொடுத்தாலும் சைக்ளோஸ்போரின் அளவு எகிறும். அந்தச் சீட்டைக் காட்டுங்க. வலிப்பு வந்தா எம்.ஆர்.ஐ. வசதி இருக்கற ஆஸ்பத்திரிக்கே நேராப் போங்க. பயந்துக்கிட்டு நீங்களா மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க. அதை முடிவு பண்ண வேண்டியது டாக்டர்தான்.