271 உயிர்களைப் பறித்த ஃபயர்ஸ்டோன் டயர்கள்: எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்திருந்தது!

எஸ்யூவி வாங்கப் போகிறவர்கள் சன்ரூஃப் இருக்கிறதா, டச் ஸ்கிரீன் எத்தனை இன்ச், கிரவுண்ட் கிளியரன்ஸ் எவ்வளவு என்று பத்து வீடியோ பார்த்துவிட்டுத்தான் ஷோரூமுக்குப் போகிறார்கள். டயர்? “கம்பெனி போட்டுக் கொடுத்ததுதானே, நல்லாத்தான் இருக்கும்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இந்த நம்பிக்கையைக் கால் நூற்றாண்டுக்கு முன்பு அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவம் ஆட்டிப் பார்த்தது.

2000 ஆகஸ்ட் 9 அன்று பிரிட்ஜ்ஸ்டோன்/ஃபயர்ஸ்டோன் நிறுவனம் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. ஏடிஎக்ஸ், ஏடிஎக்ஸ் 2, வில்டர்னஸ் ஏடி என மூன்று மாடல்கள். அவற்றில் பெரும்பாலானவை ஓடிக்கொண்டிருந்தது ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரில். அப்போது அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்த குடும்ப எஸ்யூவி அது. இந்த டயர்கள் தொடர்பான விபத்துகளில் 271 பேர் இறந்ததாக அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், சுருக்கமாக என்ஹெச்டிஎஸ்ஏ, பின்னர் கணக்கிட்டது.

“ஃபோர்டு மேல தப்பா, ஃபயர்ஸ்டோன் மேல தப்பா” என்ற பட்டிமன்றமாகவே இந்த விவகாரம் பேசப்பட்டு வந்திருக்கிறது. அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. இது யாருக்கெல்லாம் முன்பே தெரிந்திருந்தது? தெரிந்தும் ஏன் வெளியே வரவில்லை?

டிரெட் பிரிவது என்றால் என்ன?

டயர் வெடிப்பது வேறு, டிரெட் பிரிவது வேறு. சாலையைத் தொடும் தடிமனான ரப்பர் பட்டைதான் டிரெட். அதற்குக் கீழே, மெல்லிய எஃகுக் கம்பிகளால் ஆன இரண்டு பெல்ட்கள் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும். இந்த இரண்டையும் பிணைத்து வைத்திருப்பது நடுவில் உள்ள ஒரு மெல்லிய ரப்பர் அடுக்கு.

சக்கரம் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் டயர் கொஞ்சம் நசுங்கி மீள்கிறது. அந்த அழுத்தம் அதிகமாக விழுவது பெல்ட்களின் ஓரத்தில். அங்கே நுண்ணிய விரிசல் தொடங்கி, மெல்ல உள்நோக்கி இரண்டு பெல்ட்களுக்கும் நடுவே பரவும். வெப்பமும், ரப்பருக்கு வயதாவதும் இதை வேகப்படுத்தும். ஒரு கட்டத்தில் டிரெட்டும் மேல் பெல்ட்டும் சேர்ந்து, வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வந்துவிடும். உள்ளே காற்று அப்படியேகூட இருக்கலாம். ஆனால் சாலையைப் பிடிக்க வேண்டிய பகுதி போய்விட்டது.

பின்சக்கரத்தில், நெடுஞ்சாலை வேகத்தில் இது நடந்தால் வண்டியின் பின்பக்கம் அலைபாயும். பதறிப்போய் ஸ்டீயரிங்கை ஒடித்தாலோ பிரேக்கை அழுத்தி மிதித்தாலோ, உயரமான எஸ்யூவி உருண்டுவிடும் ஆபத்து மிக அதிகம். எக்ஸ்ப்ளோரர் விபத்துகளில் உயிர்கள் போனது பெரும்பாலும் இப்படி வண்டி உருண்டதால்தான். டெக்சாஸ், ஃபுளோரிடா, அரிசோனா போன்ற வெயில் மாநிலங்களில் புகார்கள் குவிந்ததும் தற்செயல் அல்ல.

26 என்ற எண்

எக்ஸ்ப்ளோரருக்கு ஃபோர்டு பரிந்துரைத்த காற்றழுத்தம் 26 பிஎஸ்ஐ. வண்டி சந்தைக்கு வருவதற்கு முன்பே, திடீர்த் திருப்பங்களில் அது தடுமாறுவது பற்றி ஃபோர்டின் பொறியாளர்கள் கவலைப்பட்டதை நிறுவனத்தின் உள் ஆவணங்கள் காட்டின. அதற்காகச் செய்த மாற்றங்களில் ஒன்று, டயரில் காற்றைக் குறைப்பது.

காற்று குறைந்தால் பயணம் மெத்தென்று இருக்கும். ஆனால் டயர் அதிகம் நசுங்கும், அதிகம் சூடாகும். 26 என்பதிலேயே இன்னும் இரண்டு மூன்று பிஎஸ்ஐ இறங்கிவிட்டால்? வீட்டுக்கு வீடு நடக்கிற விஷயம்தானே இது. கூடவே குடும்பம், லக்கேஜ், கோடை வெயில் எல்லாம் சேர்ந்தால் டயருக்கு மிச்சமிருந்த பாதுகாப்பு இடைவெளி கரைந்துவிடும். டயர்களைத் திரும்பப் பெறும்போது, 30 பிஎஸ்ஐ வைக்கச் சொன்னது ஃபயர்ஸ்டோன்.

ஆளுக்கொரு நியாயம்

“அதே எக்ஸ்ப்ளோரரில், அதே 26-ல் குட்இயர் டயர்கள் ஒழுங்காக ஓடுகின்றனவே” என்றது ஃபோர்டு. “டயர் எந்த வண்டியிலும் பழுதாகலாம், இந்த வண்டி மட்டும் ஏன் உருள்கிறது?” என்றது ஃபயர்ஸ்டோன். 2001 மே மாதம் ஃபோர்டுக்கு இனி டயர் விற்பதில்லை என்று ஃபயர்ஸ்டோன் அறிவிக்க, ஏறக்குறைய நூறாண்டு வணிக உறவு முறிந்தது. மறுநாளே, மேலும் 1.3 கோடி வில்டர்னஸ் ஏடி டயர்களை மாற்றித் தருவதாக ஃபோர்டு அறிவித்தது.

குறைபாடு டயரின் பெல்ட் ஓரத்தில் இருப்பதாகவே என்ஹெச்டிஎஸ்ஏ விசாரணை முடிவுக்கு வந்தது. எக்ஸ்ப்ளோரரின் கையாளும் தன்மையைத் தனியாக விசாரிக்க வேண்டும் என்ற ஃபயர்ஸ்டோன் கோரிக்கையை 2002-ல் நிராகரித்தது. பழுதான டயர்களில் பெரும்பங்கு இல்லினாய் மாநிலத்தின் டெக்கேட்டர் ஆலையில் தயாரானவை. அங்கே 1994-ல் தொடங்கிய வேலைநிறுத்தத்தை, மாற்றுத் தொழிலாளர்களை வைத்து நிர்வாகம் சமாளித்தது. அந்த மோதல் காலத்தில் உருவான டயர்களில் பழுது அதிகம் என்று பொருளியலாளர்கள் ஆலன் க்ரூகரும் அலெக்ஸாண்டர் மாஸும் பின்னர் ஆய்வில் காட்டினார்கள்.

ஆக, வடிவமைப்பு, தயாரிப்பு, காற்றழுத்தம், வெயில், உயரமான வண்டி என எல்லாம் சேர்ந்த விபத்து இது.

யாருக்கு என்ன தெரியும்?

1996-லேயே, பாதிக்கப்பட்டவர்களுக்காக வழக்காடிய சில வழக்கறிஞர்கள் இந்த விபத்துகளில் ஓர் ஒற்றுமையைக் கண்டுகொண்டார்கள். அரசிடம் சொல்லவில்லை. விசாரணை “குறை இல்லை” என்று முடிந்துவிட்டால் தங்கள் வழக்குகள் பலவீனமாகிவிடும் என்ற பயம்.

1998-ல் ஸ்டேட் ஃபார்ம் காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளர் சாம் பாய்டன், இந்த டயர்கள் பழுதான 21 சம்பவங்களைத் தொகுத்து என்ஹெச்டிஎஸ்ஏவுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். நடவடிக்கை எதுவும் இல்லை.

1999-ல் சவூதி அரேபியா உள்ளிட்ட வளைகுடா நாடுகளில் ஃபோர்டு இந்த டயர்களை மாற்றிக் கொடுக்கத் தொடங்கியது. பிறகு மலேசியா, தாய்லாந்து, வெனிசுவேலா. வெளிநாட்டு நடவடிக்கைகளை அமெரிக்க அரசிடம் தெரிவிக்க வேண்டும் என்று அப்போதைய சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அதனால் தெரிவிக்கவும் இல்லை. நிறுவனத்திடமோ நஷ்டஈட்டுக் கோரிக்கைகள் குவிந்திருந்தன.

கடைசியில் 2000 பிப்ரவரியில் ஹூஸ்டனின் கேஹெச்ஓயூ தொலைக்காட்சி செய்தி வெளியிட்டது. அதைப் பார்த்தவர்களிடமிருந்து புகார்கள் கொட்டின. மே மாதம் விசாரணை தொடங்கியது.

கோடிக்கணக்கான டயர்களில் 21 சம்பவம் என்பது சின்ன எண்தான் என்று வாதிடலாம். தனித்தனியாகப் பார்த்தால் சரிதான். வழக்கறிஞர் கையில் கொஞ்சம், காப்பீட்டு நிறுவனத்திடம் கொஞ்சம், சவூதியில் கொஞ்சம் என்று சிதறிக் கிடந்ததால்தான் ஒவ்வொன்றும் சின்னதாகத் தெரிந்தது. ஒரே மேஜையில் எல்லாவற்றையும் கொட்டிப் பார்க்கும் கடமை யாருக்கும் இல்லை. அந்தக் கடமை இல்லாமல் போனதை வெறும் தொழில்நுட்பக் கோளாறாகக் கடந்துபோக முடியாது.

சட்டம் வந்தது, ஆனால்...

2000 நவம்பரில் ‘டிரெட் சட்டம்’ அமலுக்கு வந்தது. மரணம், காயம், நஷ்டஈட்டுக் கோரிக்கைகள், வெளிநாட்டில் எடுக்கும் நடவடிக்கைகள் என எல்லாவற்றையும் நிறுவனங்கள் அரசிடம் தெரிவிக்க வேண்டும் என்றது. டயர் பிரஷர் குறைந்தால் டேஷ்போர்டில் எரியும் எச்சரிக்கை விளக்கும் இந்தச் சட்டத்தின் பிள்ளைதான்.

ஆனாலும் வாரண்டி கோரிக்கைகள் போன்ற சில விவரங்கள் இன்றும் ரகசியமாகவே வைக்கப்படுகின்றன. வண்டி ஓட்டுபவரின் உயிர் சம்பந்தப்பட்ட தகவல் அவர் கண்ணில் படக்கூடாது என்பதற்கு வணிக ரகசியம் போதுமான காரணமா?

விளக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அமெரிக்க விதிப்படி, பரிந்துரைத்த அளவைவிட 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிந்தாக வேண்டும். 35 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய டயர் என்றால், கிட்டத்தட்ட 26-க்கு இறங்கும்வரை அது எரியாமலே இருக்கலாம். “லைட் எரியலையே, அப்போ ஓகே” என்பது தப்புக் கணக்கு.

உங்கள் வண்டியில் என்ன பார்க்கலாம்?

* சரியான அளவு டிரைவர் கதவருகே உள்ள ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் இருப்பது அதிகபட்ச அளவு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

* மாதம் ஒருமுறை, வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு, டயர் ஆறியிருக்கும்போது காற்றைச் சரிபாருங்கள்.

* பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் டயர் தயாரான தேதி. 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு டயரை மாற்றச் சொல்வது இன்று ஃபோர்டே தரும் அறிவுரை. பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும். ஓடாத ஸ்டெப்னிக்கும் இது பொருந்தும்.

* டிரெட்டில் புடைப்பு, புதிதாக ஓர் அதிர்வு, தட்தட் சத்தம்... இதில் எது இருந்தாலும் நெடுஞ்சாலையில் ஏறும் முன் டயர் கடையில் காட்டுங்கள்.

* ஓடும்போது டிரெட் பிரிந்தால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஸ்டீயரிங்கை நேராக, உறுதியாகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுத்து, வேகம் இறங்கிய பிறகு ஓரம் கட்டுங்கள்.

வண்டியில் ஏதாவது வித்தியாசமாகப் பட்டால் டீலரிடம் மட்டும் சொல்லிவிட்டு விட்டுவிடாதீர்கள். எழுத்தில் புகார் கொடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். ஹூஸ்டன் செய்திக்குப் பிறகு விசாரணையைத் தொடங்க வைத்தது அப்படித் தனித்தனியாக வந்த புகார்கள்தான்.