எடை குறைந்தால் தரம் குறையுமா?

796 சிசி எஞ்சினை வைத்துக்கொண்டு ஸ்போர்ட்ஸ் கார் என்று பேசக் கூடாது என்கிறார்கள் சிலர். குதிரைத்திறனை மட்டும் எண்ணுகிற இந்தக் கணக்கு தவறு. கோவையில் எஸ். கரிவரதன் 1980களின் இறுதியில் உருவாக்கிய ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் கார், மாருதி 800-இன் அதே மூன்று சிலிண்டர் எஞ்சினில்தான் ஓடியது. கூரை இல்லை, கதவு இல்லை, ஒரே இருக்கை. சுமை குறைந்ததால் வளைவில் டயருக்கும் பிரேக்குக்கும் பாடு குறைந்தது. ஓட்டுபவரின் பிழை உடனே ஸ்டியரிங்கில் தெரிந்தது. நரேன் கார்த்திகேயன் தொடக்கக் காலத்தில் பந்தயம் ஓட்டியது இந்த வகைக் காரில்தான். 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் அவர்.

மெல்லியதென்றால் மட்டமானது என்பது அடுத்த வாதம். ஆம்பூர் ஷூ தொழிற்சாலையில் மேல்தோலின் ஓரத்தை மடிப்பதற்கு முன் சீவி மெலிதாக்குவார்கள். சீவாமல் மடித்தால் தையல் தடித்துக் காலை உறுத்தும். அதிகம் சீவினால் கிழியும். எங்கே எவ்வளவு எடுக்கலாம் என்று அறிவதே கைத்திறன். கார் வடிவமைப்பும் அப்படித்தான். விபத்தில் காக்க எடை வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. சாலையில் ஓடும் காரில் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கவே கூடாது. ஆனால் அந்த எடை பயணியைக் காக்கும் கூண்டில் இருக்கட்டும். அழகுக்காக மாட்டும் பெரிய சக்கரத்தில் வேண்டாம்.