கட்டடச் செலவை ஏற்றியது சித்தாள் கூலியா?

“கட்டுப்படியாகவில்லை!” கம்பெனி முதலாளிகளும் பெரிய காண்டிராக்டர்களும் போடும் கூப்பாடு இது. ஆலையா, கிடங்கா, அலுவலக மாளிகையா, எதைக் கட்டினாலும் செலவு எகிறிவிட்டதாம். காரணம் கேட்டால் யாரை நோக்கி விரல் நீட்டுகிறார்கள்? சாரத்தின்மேல் நிற்கும் கொத்தனாரை நோக்கி. தலையில் கலவைச் சட்டி சுமக்கும் சித்தாளை நோக்கி! “கூலி ஏறிவிட்டது, ஆளே கிடைப்பதில்லை” என்கிறார்கள்.

ஆலைத் தோழர்களுக்கு இந்தப் பாட்டு புதிதல்ல. பஞ்சப்படி கேட்டால் “துணி விலை ஏறிவிடும்” என்பார்கள். வயலில் கூலி கேட்டால் “நெல் விவசாயமே அழிந்துவிடும்” என்பார்கள். அதே பழைய பாட்டைத்தான் இப்போது கட்டட மேடையில் பாடுகிறார்கள். பாட்டு இருக்கட்டும், கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம்.

கட்டுவது நின்றதா?

கட்டுப்படியாகாத தொழிலை எந்த முதலாளியாவது தொடர்ந்து நடத்துவானா? ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பக்கம் போய்ப் பாருங்கள்: ஆலைக் கொட்டகைகள். நெடுஞ்சாலை ஓரங்களில் கிடங்குகள். சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடி மாளிகைகள். சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் கணினித் தகவல்களைச் சேர்த்து வைக்கும் ‘டேட்டா சென்டர்’கள். கோடி கோடியாகப் பணம் விழுங்கும் இந்தக் கட்டடங்களில், கட்டி முடித்தபின் வேலை கிடைப்பது வெகு சிலருக்கே. ஆனாலும் 2022 மத்திய பட்ஜெட்டில் அவற்றுக்கு அடிப்படைக் கட்டமைப்பு என்ற அந்தஸ்து கொடுக்கப்பட்டது. நீண்டகாலக் கடன் எளிதாகக் கிடைக்க வழி பிறந்தது.

பெரம்பூரில் பின்னி ஆலை இருந்தது. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது அந்த ஆலைத் தொழிலாளர்களிடையேதான். 1996இல் ஆலை மூடப்பட்டது. இன்று அந்த மண்ணில் அடுக்குமாடிகளும் வணிக வளாகமும் எழும்பியிருக்கின்றன. கட்டடம் கட்டுவது நிற்கவில்லை தோழர்களே, யாருக்காகக் கட்டுவது என்பதுதான் மாறியிருக்கிறது.

நூறு ரூபாய்க் கணக்கு

நில விலையைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், கட்டடச் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பொருளுக்குப் போகிறது. சிமெண்ட், கம்பி, ஜல்லி, மணல், செங்கல், மின்சாமான்கள். நூறு ரூபாயில் பொருளுக்கு 65, கூலிக்கு 30, மற்றதற்கு 5 என்று வைத்துக்கொள்வோம். கூலியைப் பத்தில் ஒரு பங்கு உயர்த்தினால் மொத்தச் செலவு ஏறுவது 3 ரூபாய். பொருள் விலை அதே அளவு உயர்ந்தால் ஏறுவது ஆறரை ரூபாய். 3 ரூபாய்க்காகச் சித்தாளைத் திட்டுகிறவர்கள் ஆறரை ரூபாய்க்கு ஏன் வாய் திறப்பதில்லை?

அந்த 30 ரூபாயும் முழுசாகத் தொழிலாளி கைக்கு வருகிறதா? கம்பெனி பெரிய காண்டிராக்டரிடம் கொடுக்கிறது. அவர் சின்ன காண்டிராக்டரிடம் விடுகிறார். அவர் மேஸ்திரியிடம் விடுகிறார். ஒவ்வொரு கையும் ஒரு பிடி எடுத்துக்கொண்டபின் மிஞ்சுவதுதான் சாரத்தடியில் நிற்பவருக்கு. அதிலும் பெண் என்றால் ஒரு வெட்டு! பில்லில் எழுதிய கூலி வேறு, மடியில் விழுந்த கூலி வேறு.

சிமெண்ட் மூட்டைக்குள் ஒளிந்த கூட்டு

பொருள் விலை தானாக ஏறவில்லை, ஏற்றப்பட்டது. இதை நாம் மட்டும் சொல்லவில்லை. காண்டிராக்டர்களின் சொந்தச் சங்கமே 2010இல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தது. விசாரித்த ஆணையம் 2012 ஜூனில், 11 சிமெண்ட் கம்பெனிகளும் அவற்றின் சங்கமும் கூட்டுச் சேர்ந்து உற்பத்தியையும் விலையையும் கட்டுப்படுத்தின என்று தீர்ப்புச் சொல்லி, 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. நடைமுறைக் குறை என்று 2015இல் அந்த உத்தரவு ரத்தானது. மறுபடி விசாரித்து 2016இல் மறுபடி அபராதம்: சுமார் 6,700 கோடி. 2018இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அதை உறுதி செய்தது. கம்பெனிகள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயின. அபராதத்தில் பத்தில் ஒரு பங்கைக் கட்டிவிட்டு வழக்கு நடத்த அங்கே இடம் கிடைத்தது. ஒரு மூட்டை சிமெண்டைத் திருடியவனுக்கு இத்தனை வாசற்படி திறக்குமா?

உலகில் சிமெண்ட் உற்பத்தியில் இரண்டாவது இடம் நம் நாட்டுக்கு. ஆலைக்குப் பஞ்சமில்லை, ஆலைகளை ஆளும் கைகள்தான் குறைந்து வருகின்றன. 2022இல் அம்புஜாவும் ஏசிசியும் அதானி வசமாயின. தாழையூத்தில் 1949இல் உற்பத்தி தொடங்கிய இந்தியா சிமெண்ட்ஸ், 2024 டிசம்பரில் அல்ட்ராடெக் கைக்குப் போனது. கை குறையக் குறையக் கூட்டுச் சேர்வது சுலபம் என்பது சந்தைக்குப் போகும் குழந்தைக்கும் தெரியும்.

வரியைப் பாருங்கள். 2017 ஜூலை முதல் சிமெண்டுக்கு 28 சதவீதம் ஜி.எஸ்.டி. வசூலித்தார்கள். எட்டு ஆண்டு கழித்து, 2025 செப்டம்பர் 22இல் 18 சதவீதமாக்கினார்கள். அடக்க விலை 250 ரூபாயாக உள்ள மூட்டைக்கு 25 ரூபாய் குறைய வேண்டும். குறைந்த வரி வாங்குகிறவன் பைக்கு வந்ததா, கம்பெனி லாபத்தில் கரைந்ததா என்று ஒவ்வொரு கடையிலும் கேளுங்கள்.

வழியே இல்லையா? இருக்கிறது. அரியலூரிலும் ஆலங்குளத்திலும் தமிழக சர்க்காரின் சொந்தச் சிமெண்ட் ஆலைகள் இருக்கின்றன. 2015இல் மூட்டை 190 ரூபாய்க்கு ‘அம்மா சிமெண்ட்’ என்று விற்றார்கள். 2021இல் ‘வலிமை’ என்று 350, 365 ரூபாய்க்குக் கொண்டு வந்தார்கள். பெயர் வைப்பதில் காட்டிய ஊக்கத்தை உற்பத்தியைப் பெருக்குவதில் காட்டினால் ஏகபோகத்தின் பிடி தளராதா?

ஒரு சதவீதம் எங்கே?

தமிழ்நாட்டுக் கட்டடத் தொழிலாளர்கள் தெருவில் இறங்கிப் போராடியதன் பலன் 1982ஆம் ஆண்டுச் சட்டமும் 1994இல் வந்த நலவாரியமும். நாடு முழுமைக்கும் 1996இல் சட்டம் வந்தது. கட்டடச் செலவில் 1 சதவீதம் நலவரி. 100 கோடி ரூபாய்க் கிடங்கு கட்டினால் 1 கோடி தொழிலாளர் நலனுக்கு வர வேண்டும். செலவு ஏறினால் அந்தப் பங்கும் ஏற வேண்டும்.

வந்த பணம் என்ன ஆயிற்று? 2018 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் சொன்ன கணக்கு: நாடு முழுவதும் வசூலானது 37,400 கோடிக்கு மேல், செலவானது சுமார் 9,500 கோடி, சுமார் 28,000 கோடி முடங்கிக் கிடந்தது! செலவான பணத்திலும் லேப்டாப்பும் சலவை இயந்திரமும் வாங்கிய கதை கோர்ட்டிலேயே பேசப்பட்டது. கலவை படிந்த சேலையைக் குளத்தில் கசக்கும் சித்தாளுக்குச் சலவை இயந்திரமாம்!

இப்போது 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலாக்கி, 1996ஆம் ஆண்டுச் சட்டங்களையும் அவற்றுக்குள் கரைத்துவிட்டார்கள். புதிய ஏற்பாட்டில், கட்டுகிறவரே தன் கட்டடச் செலவைத் தானே மதிப்பிட்டு நலவரி கட்டலாம். ஆய்வாளரின் பெயரிலேயே ‘வசதி செய்து தருபவர்’ என்று ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். யாருக்கு வசதி? சலுகை கேட்கும்போது “இத்தனை ஆயிரம் கோடி முதலீடு” என்று முழங்குகிறவர்கள், நலவரி கட்டும்போதும் அதே தொகையைத்தான் எழுதுவார்களா? இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க யார் இருக்கிறார்கள்?

சாரம் சரிந்தால்

2025 செப்டம்பர் 30. எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் இரும்புச் சாரம் சரிந்து 9 தொழிலாளர்கள் மாண்டார்கள். பெரும்பாலோர் அசாமிலிருந்து பிழைக்க வந்தவர்கள். பலமான சாரம், இடுப்புப் பட்டை, வலை எல்லாம் செலவுக் கணக்கில் எங்கே நிற்கின்றன? ‘சிக்கனம்’ என்றதும் முதலில் வெட்டப்படுவது இவைதான். அங்கே மிச்சமாகும் காசுக்கு விலை உயிர்.

விவசாயத் தொழிலாளித் தோழரே! வயலில் வேலை இல்லாத மாதங்களில் நீங்கள்தான் சித்தாள். ஆலைத் தோழரே! ஆலை மூடினால் அதே மண்ணில் மூட்டை தூக்கப் போவது உங்கள் பிள்ளை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவன் நம் கூலியைக் கெடுக்கிறான் என்று சிண்டு முடிபவர்களை நம்பாதீர்கள். அவனுக்கும் நமக்கும் ஒரே கூலி, ஒரே அட்டை என்றால் யாராலும் எவர் கூலியையும் கெடுக்க முடியாது.

நாம் கேட்பது இவைதான்:

நலவரியை, சட்டம் அனுமதிக்கும் 2 சதவீதமாக உயர்த்து!

சலுகைக்குக் காட்டிய முதலீட்டுக் கணக்கையும் நலவரிக் கணக்கையும் ஒப்பிட்டு ஊரறிய வெளியிடு!

வெளிமாநிலத் தொழிலாளி உட்பட அனைவரையும் கட்டடம் நடக்கும் இடத்திலேயே வாரியத்தில் பதிவு செய்!

ஆணுக்கும் பெண்ணுக்கும் சமவேலைக்குச் சமகூலி கொடு!

சர்க்கார் சிமெண்ட் உற்பத்தியைப் பெருக்கு!

கட்டடச் செலவு ஏறிவிட்டது என்று இனி எவராவது கூப்பாடு போட்டால் ஒரு கேள்வி கேளுங்கள்: “ஏறிய பணம் யார் வீட்டுக்குப் போயிற்று?” சித்தாளின் குடிசைக்குப் போகவில்லை. அந்தக் குடிசையின் கூரை இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது.