கருத்துச் சொன்னால் போதுமா?



நம் வீடுகளில் 'வாய்' என்ற சொல் பெரும்பாலும் அதட்டலோடுதான் வரும். 'வாய் காட்டாதே', 'வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இரு', 'வாய் நீளுது'... பிள்ளை கேள்வி கேட்டால் வாயாடி. பெரியவர் கேட்டால் கருத்து கந்தசாமி! இப்படிக் கேலி செய்தே வளர்ந்த நாம், வீட்டுக்கு வெளியே பயன்படுத்த ஒரு மரியாதையான சொல்லை வைத்திருக்கிறோம். அதுதான் 'கருத்துச் சொல்வது'.

பொங்கோலில் புளோக்கின் கீழ்த்தளத்தில் மாலையில் உட்கார்ந்து பேசும் நம் அண்ணன்மார்களைக் கேட்டுப் பாருங்கள். 'சூப்பர்வைசர்கிட்ட நான் கருத்துச் சொல்லிட்டேன் தம்பி, அவங்கதான் ஒண்ணும் செய்யல' என்பார்கள். ஓவர்டைம் சம்பளம் வரவில்லை என்பது கருத்தா? அது கணக்கு. தரவேண்டிய காசைக் கேட்பதற்கு ஏன் கருத்து என்று பெயர் வைக்கிறோம்?

இதற்கு ஒரு காரணம் மொழிபெயர்ப்பு என்று நினைக்கிறேன். ஒப்பீனியன், வியூ, காமெண்ட், ஃபீட்பேக் எல்லாவற்றுக்கும் தமிழில் நாம் எழுதுவது ஒரே சொல்தான். சிங்கப்பூர் அரசு 1985இல் ஃபீட்பேக் யூனிட்டைத் தொடங்கியது; 2006இல் அது 'ரீச்' ஆனது. ஆண்டுக்கணக்காகக் 'கருத்துத் தெரிவியுங்கள்' என்று கேட்டுக் கேட்டு, அரசிடமோ முதலாளியிடமோ எதைப் பேசினாலும் அது கருத்துதான் என்று நம் மனத்தில் பதிந்துவிட்டது. கருத்தைக் கேட்பவர் 'நன்றி' என்று சொல்லிவிட்டுப் போகலாம். புகாருக்கு அப்படியில்லை. அதற்குத் தேதி உண்டு, கெடு உண்டு, பதில் சொல்லவேண்டிய ஓர் ஆள் உண்டு.

கெடு என்றேனே, அதைக் கவனமாகப் படியுங்கள். வேலையிலிருந்து நியாயமில்லாமல் நீக்கப்பட்டால், வேலையின் கடைசி நாளிலிருந்து 1 மாதத்துக்குள் டிஏடிஎம் அமைப்பில் முறையிட வேண்டும். சம்பளப் பாக்கி என்றால், வேலையை விட்டவர்களுக்குக் கடைசி நாளிலிருந்து 6 மாதம். இன்னும் அதே வேலையில் இருப்பவர்களுக்குச் சம்பளம் வரவேண்டிய நாளிலிருந்து 1 ஆண்டு. நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? மேனேஜரிடம் ஒருமுறை, எச்ஆரிடம் ஒருமுறை, தெரிந்த அண்ணன் மூலம் ஒருமுறை என்று கருத்துச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அந்த ஒரு மாதம் அதற்குள் ஓடிவிடுகிறது. நீங்கள் வாயால் சொன்ன எதுவும் அந்தக் கெடுவை நிறுத்தி வைக்காது.

டிஏடிஎம் சமரசத்தில் முடியாவிட்டால், வழக்கு 2017இல் தொடங்கிய வேலை கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகும். அங்கே வழக்கறிஞர் உங்களுக்காக வாதாட முடியாது. நீங்களேதான் பேச வேண்டும். (ஆக, இதில் எனக்கு வரும்படி ஏதுமில்லை!) இங்கிலீஷ் வராதே என்று தயங்க வேண்டாம். தமிழ் இந்நாட்டின் ஆட்சிமொழிகளில் ஒன்று. அரசியல் சட்டத்தின் 153ஏ பிரிவே அதைச் சொல்கிறது. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

'எல்லாம் சரி சார், பேசினா ஆபத்தாச்சே' என்பீர்கள். அந்தப் பயம் வெறும் கற்பனை என்று நான் சொல்லமாட்டேன். அரசியல் சட்டத்தின் 14ஆம் பிரிவு பேச்சுரிமையைக் குடிமக்களுக்கு மட்டுமே தருகிறது, அதுவும் வரம்புகளோடு. 2000 செப்டம்பரில் ஹாங் லிம் பூங்காவில் பேச்சாளர் முனை திறக்கப்பட்டது. குடிமக்கள் அங்கே தமிழிலும் பேசலாம். ஆனால் மதத்தைத் தொடக்கூடாது. இனங்களுக்கிடையே பகை மூட்டக்கூடிய எதையும் பேசக்கூடாது. சிறுபான்மையினர் பேச நினைப்பதில் பாதி அந்த எல்லைக்கோட்டின் பக்கத்தில்தான் இருக்கிறது. 2023இல் ராப் பாடகர் சுபாஸ் நாயருக்கு 6 வாரச் சிறை விதிக்கப்பட்டது. அந்தத் தீர்ப்பு கடுமையானது என்பது என் எண்ணம். ஆனாலும் வாட்ஸ்அப்பில் கோபம் வந்து ஓர் இனத்தையே திட்டுகிறவர்களுக்கு அதையும் நினைவுபடுத்தத்தான் வேண்டும். 'எனக்கு இப்படிச் செய்தார்கள்' என்று நடந்ததை எழுதுவது புகார். 'அவங்க இனமே அப்படித்தான்' என்பது புகாரும் அல்ல, கருத்தும் அல்ல, வம்பு.

இனி பழைய கதை ஒன்று. 1935இல் தமிழ் முரசைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி, 1950களில் நம் தொழிலாளர்களைக் குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளச் சொல்லித் தொடர்ந்து வற்புறுத்தினார். தமிழன் உரிமை என்று மேடையில் முழங்குவதோடு அவர் நிற்கவில்லை. போய்ப் படிவத்தை நிரப்பு என்றார். அன்று பதிந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் நம்மில் பலர். குரல் கொடுப்பது என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல பொருள் அதுதான்.

தைப்பூசத்தையும் பாருங்கள். ஊர்வலத்தில் இசைக்கு 1973இல் தடை வந்தது. 2015இல் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் மேளம் தொடர்பான தகராறில் மூவர் கைதானார்கள். மறு ஆண்டே ஊர்வலப் பாதையில் 3 இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. கைதானதால் கிடைத்தது என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். 42 ஆண்டுகள் நம் ஆட்கள் விடாமல் கேட்டதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

பொங்கோல் வாசிகளுக்குக் கடைசியாக ஒன்று. இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989இல் வந்தது. உங்கள் புளோக்கில் சீனர்களுக்கான விகிதம் நிறைந்துவிட்டால், இந்தியரான நீங்கள் சீனருக்கு வீட்டை விற்க முடியாது. வாங்கும் ஆள் குறையும், விலை இறங்கும். இது நாடாளுமன்றத்தில் பலமுறை பேசப்பட்டது. 2022 முதல், உண்மையாகவே விற்க முடியாமல் திண்டாடும் சிலரிடமிருந்து, விதிவிலக்காக, வீவகவே வீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ள முன்வந்திருக்கிறது. கீழ்த்தளத்தில் உட்கார்ந்து புலம்புகிறவரைத் தேடி அந்த உதவி வராது. எப்போது விற்பனைக்குப் போட்டீர்கள், எத்தனை பேர் வந்து பார்த்தார்கள், யாரை விகிதம் காரணமாகத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று, என்ன விலை கேட்டார்கள் என்று வரிசையாக எழுதுங்கள். மக்கள் சந்திப்புக்குப் போகும்போது அந்தத் தாளைக் கையில் கொண்டுபோங்கள். உங்கள் எம்.பி. எழுதும் கடிதத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள். இங்கிலீஷில் எழுத வராவிட்டால் பாலிடெக்னிக் படிக்கும் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். மேலே தேதி போட மறக்கவேண்டாம். தலைப்பில் 'கருத்து' என்று மட்டும் போடாதீர்கள், 'மேல்முறையீடு' என்று போடுங்கள்.