புளியமரக் குத்தகையும் பிரிட்டிஷ் ரயிலும்

சீமைக்குப் போய்த் திரும்பிய நண்பர் ஒருவர் சென்ற வாரம் என்னைப் பார்க்க வந்திருந்தார். அந்த நாட்டில் அவரை மிகவும் ஆச்சரியப்படுத்திய விஷயம் என்ன என்று கேட்டேன். பார்லிமெண்ட் மாளிகை, தேம்ஸ் நதி என்று ஏதாவது சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். "ரயில் டிக்கெட்" என்றார்.

லண்டனிலிருந்து வெகு தூரத்திலுள்ள ஓர் ஊரில் அவருடைய மகள் இருக்கிறாள். ஒரு மாதம் முன்னதாகவே டிக்கெட் வாங்கியாகிவிட்டது. மலிவான டிக்கெட்தான், ஆனால் குறிப்பிட்ட ஒரு வண்டியில் மட்டுமே செல்லும். நண்பரோ ரயில் பிரயாணம் என்றால் இரண்டு மணி நேரம் முன்னாலேயே ஸ்டேஷனில் போய் உட்காரும் பரம்பரையில் வந்தவர். அங்கே நூற்றுக்கணக்கான ஜனங்கள் தலையை அண்ணாந்து ஒரு பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். எந்தப் பிளாட்பாரம் என்பது வண்டி புறப்படச் சில நிமிஷங்கள் இருக்கும்போதுதான் அந்தப் பலகையில் தோன்றும். தோன்றியதும் அத்தனை பேரும் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். கூட்டம் ஓடுவதைக் கண்டால் நம்மவர்களுக்குக் கால் சும்மா இருக்குமா? நண்பரும் ஓடினார்; ஏறினார். வண்டி என்னவோ அவருடைய ஊருக்குப் போகிற வண்டிதான். ஆனால் அவருடைய வண்டிக்கு முந்தின வண்டி!

டிக்கெட் பரிசோதகர் வந்து, வெகு மரியாதையாக, அந்த டிக்கெட் செல்லாது என்று தெரிவித்தார். புது டிக்கெட்டின் விலை பழையதைப்போல் நான்கு மடங்கு. எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் ஒருவர் அநுதாபத்துடன் ஒரு ரகசியம் சொல்லிக் கொடுத்தார். முழுத் தூரத்துக்கும் ஒரே டிக்கெட்டாக வாங்காமல், நடுவில் வண்டி நிற்கும் ஸ்டேஷன் வரையில் ஒன்று, அங்கிருந்து மற்றொன்று என்று வாங்கினால், சில சமயம் மொத்த விலை குறையுமாம். ஆசனத்தை விட்டு எழுந்திருக்கக்கூட வேண்டாம். சட்டமும் இதை அநுமதிக்கிறது. இரண்டு பாதிகள் சேர்ந்தால் முழுசைவிடக் குறையும் என்ற கணிதத்தை நான் எந்த வாத்தியாரிடமும் கற்றதில்லை.

"இந்த ரயில் யாருடையது என்று நாலு பேரைக் கேட்டேன். நாலு பேரும் நாலு விதமாகச் சொன்னார்கள்" என்றார் நண்பர்.

அந்த நாலு பேர் மேலும் குற்றமில்லை. 1948 ஜனவரி முதல் தேதி பிரிட்டிஷ் ரயில்கள் தேசத்தின் சொத்தாயின. 1993-ல், ஜான் மேஜர் பிரதம மந்திரியாக இருந்தபோது, அவற்றைத் துண்டு போடச் சட்டம் செய்தார்கள். தண்டவாளம் ஒரு கம்பெனிக்கு; வண்டிகள் வாடகைக்கு விடும் வேறு கம்பெனிகளுக்கு; அவற்றை ஓட்டிக் காசு வசூலிக்கும் உரிமை மட்டும், பிரதேசவாரியாக, இத்தனை வருஷத்துக்கு என்று குத்தகைக்கு.

நம் கிராமங்களில் புளியமரத்தைக் குத்தகைக்கு விடுவதை நேயர்கள் பார்த்திருப்பார்கள். மரம் ஊருக்குச் சொந்தம், காய் குத்தகைக்காரனுக்கு. ஏலத்தில் வீம்புக்கு விலையை ஏற்றியவன், காய்ப்பு குறைந்தால், கிளையோடு முறித்துக்கொண்டு போவான். அல்லது இரவோடு இரவாக ஊரை விட்டே போய்விடுவான். லண்டனிலிருந்து எடின்பரோவுக்குப் போகும் கிழக்குக் கரைப் பாதையில் இந்த இரண்டாவது காரியம் மூன்று தடவை நடந்தது.

ஜி. என். இ. ஆர். என்ற கம்பெனி 1996-ல் அந்தப் பாதையை எடுத்தது. வெள்ளை மேஜை விரிப்புடன் சாப்பாட்டு வண்டி நடத்திப் பிரயாணிகளிடம் நல்ல பெயரும் வாங்கியது. 2005-ல் மறு ஏலம் வந்தபோது, பத்து வருஷத்தில் 130 கோடி பவுன் சர்க்காருக்குக் கட்டுவதாக ஒப்புக்கொண்டது. மறு வருஷமே தாய்க் கம்பெனி திவாலாயிற்று. அடுத்தாற்போல் 2007 டிசம்பரில் நேஷனல் எக்ஸ்பிரஸ் வந்தது. அதன் வாக்கு 140 கோடி. இரண்டு வருஷங்கூட நிறைவதற்குள், 2009 நவம்பரில், சாவியைச் சர்க்காரிடம் கொடுத்துவிட்டது. ஆறாவது வருஷம் வரையில் சர்க்காரே நடத்திற்று, நன்றாகவே நடந்தது, கஜானாவுக்குச் சுமார் 100 கோடி பவுன் சேர்ந்தது. "நன்றாக நடக்கிறதா? அப்படியானால் விற்றுவிடுவோம்!" என்று தீர்மானித்தாற்போல், 2015 மார்ச்சில் ஸ்டேஜ்கோச், வர்ஜின் ஆகிய கம்பெனிகளின் கூட்டுக்கு மறுபடியும் குத்தகைக்கு விட்டார்கள். 2023 வரையில் 330 கோடி பவுன் தருவதாகப் பேச்சு.

இந்தக் காலத்தில்தான் அந்தப் பிரசித்தமான ஆசனச் சண்டை நடந்தது. 2016 ஆகஸ்டில் எதிர்க்கட்சித் தலைவர் ஜெரமி கார்பின், லண்டனிலிருந்து நியூகாஸிலுக்குப் போகையில், வண்டியில் இடமில்லை என்று தரையில் உட்கார்ந்து படம் பிடித்து வெளியிட்டார். ரயில் தேசத்துக்குத் திரும்ப வேண்டும் என்றார். கம்பெனியாரும் சளைக்கவில்லை. வண்டியிலிருந்த காமிராப் படங்களை வெளியிட்டு, காலி ஆசனங்களைத் தாண்டித்தான் அவர் நடந்து போனார் என்றார்கள். தம் மனைவியுடன் சேர்ந்து உட்கார இரண்டு இடம் கிடைக்கவில்லை என்று அவர் பதில் சொன்னார். தேசம் முழுவதும் சில நாள் வேறு பேச்சில்லை. யார் சொன்னது சரியோ, 2018 ஜூன் 24-ந் தேதி அந்தக் குத்தகையும் முறிந்தது. வண்டிகள் திரும்பச் சர்க்காரிடம் வந்தன. 1923 முதல் 1947 வரை அதே பாதையில் ஓடிய பழைய கம்பெனியின் எல். என். இ. ஆர். என்ற எழுத்துக்களையே மறுபடியும் தீட்டினார்கள்.

பணம் போனது பெரிதல்ல. 2000 அக்டோபர் 17-ந் தேதி, லண்டனிலிருந்து லீட்ஸ் நகருக்குப் போன வண்டி ஹாட்ஃபீல்டு அருகில் தடம் புரண்டு நான்கு பேர் மாண்டார்கள். தண்டவாளத்தில் வெடிப்பு இருந்தது முன்பே தெரியும். மாற்றுவதற்குப் புதுத் தண்டவாளமும் வந்து பாதையோரத்திலேயே கிடந்தது! பாதைக்குச் சொந்தக்காரர் ஒருவர், பராமரிக்கும் ஒப்பந்தக்காரர் இன்னொருவர், வண்டி ஓட்டுகிறவர் மூன்றாமவர். மறு வருஷம் பாதைக் கம்பெனி நொடித்தது. பிறகு தண்டவாளத்தைப் பொது ஸ்தாபனமான நெட்வொர்க் ரெயிலிடம் ஒப்புவித்தார்கள்.

கேலிக்கு இடமான விஷயமும் உண்டு. வண்டி தாமதித்தால் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் யார் பொறுப்பு என்று எழுதவே நூற்றுக்கணக்கான குமாஸ்தாக்கள் இருந்தார்கள். வண்டியில் சிறு பறவை மோதினால் வண்டிக் கம்பெனியின் குற்றம். பெரும் பறவையானால் பாதைக்காரர் குற்றம். ஃபெஸண்ட் என்பது காட்டுக்கோழி ஜாதி. அது சிறு பறவையா, பெரும் பறவையா என்று வாதம் நடந்ததாம். செத்த பறவையின் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை.

இதையெல்லாம் கேட்டு நாம் சிரிக்கலாம். சிரிக்க நமக்குக் கொஞ்சம் பாத்தியதையும் உண்டு. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் பிரிட்டிஷ் கம்பெனிகள் இந்தியாவில் ரயில் போட்டபோது, முதலுக்கு நூற்றுக்கு 5 வட்டி நிச்சயம் என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். வருமானம் குறைந்தால் ஈடு செய்தது இந்தியக் குடியானவன் கட்டிய வரி.

ஆனால் நியாயமாகப் பேச வேண்டும். குத்தகைக் காலத்தில் ரயில் பிரயாணிகளின் தொகை இரண்டு மடங்குக்கு மேல் பெருகியது. மேற்குக் கரைப் பாதையில் வளைவுகளில் சாய்ந்தோடும் வேக வண்டிகளை வர்ஜின் கம்பெனி கொண்டுவந்ததும் மெய்தான். 2012-ல் அந்தப் பாதையின் ஏலத்தையே ரத்துச் செய்ய நேர்ந்ததற்குக் காரணம் கம்பெனிகளல்ல, சர்க்கார் இலாகாவின் கணக்குப் பிழை. சர்க்கார் நடத்தினால் டிக்கெட் மலியும் என்பதும் நிச்சயமில்லை. 2024-ல் லண்டன்-எடின்பரோ டிக்கெட்டுகளில், எந்த வண்டியிலும் ஏறக்கூடிய பழைய சலுகை டிக்கெட்டை எடுத்துவிட்டுப் பரீட்சை நடத்தியது சர்க்காரின் எல். என். இ. ஆர். தான். அவசரத்தில் புறப்படுகிறவர்கள் அதற்காகப் பட்ட கோபம் கொஞ்சமல்ல.

2020 மார்ச்சில் கொள்ளை நோய் வந்து வண்டிகள் காலியாக ஓடின. குத்தகை முறை அதோடு ஓய்ந்தது. நஷ்டம் முழுவதும் சர்க்கார் தலையில் விழுந்தது. 2024 நவம்பரில், ஒவ்வொரு கம்பெனியின் ஒப்பந்தமும் முடிய முடிய வண்டிகள் சர்க்காரிடம் வரவேண்டும் என்று சட்டம் நிறைவேறியது. 2025 மே 25-ந் தேதி, அந்தச் சட்டப்படி முதலாவதாக, லண்டனுக்குத் தென்மேற்கேயுள்ள வண்டிகள் கைமாறின.

நண்பரைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். திரும்பி வரும்போது சரியான வண்டியில்தான் ஏறினார். அது நாற்பது நிமிஷம் தாமதம். அரை மணிக்கு மேல் தாமதமானால் பாதிக் கட்டணம் திருப்பித் தருவது அந்நாட்டு வழக்கம்; மனுப் போட்டார், வந்தது. அதற்குள் மகள் டிக்கெட்டை இரண்டு துண்டாக வாங்கியிருந்தாள். இரண்டுக்கும் தனித்தனியே மனுப் போடச் சொன்னார்களாம்.